அது டெமோ இல்லை சார்

மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடும் வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். இனிமேலாவது சின்ன வயது எரிச்சல்களை வெளியே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. சின்ன வயது என்றதும் மாங்காய், நிலாச்சோறு என்று ஆரம்பிக்கிறவர்கள் ஆரம்பிக்கட்டும். என்னிடம் அதெல்லாம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு கீபோர்டு, ஒரு பாட்டு, ஒரு பொங்கல் விழா. மூன்றுமே எரிச்சல்தான்.

அப்பா ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. மேல் வீட்டில் மதுரைக்காரர்கள், எதிர் வீட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள், நாங்கள் திருநெல்வேலி. யாருக்கும் அது சொந்த ஊர் இல்லை. ஆனால் யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே என்பது மட்டும் பால் பாக்கெட் வாங்க வரும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டின் அளவே சொல்லிவிடும். கிளப்பில் படம் போட்டால் முதல் வரிசை நாற்காலிகளில் பெரிய அதிகாரிகள் உட்காருவார்கள். அப்படி ஓர் அறிவிப்பு எங்கும் ஒட்டியிருக்கவில்லை. எங்கள் குடும்பம் ஏழாவது வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, முன்னால் காலியாக இருந்தாலும்.

கீபோர்டு சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்தது. அண்ணனுக்கென்று வந்தது. அண்ணன் ஒரு வாரம் அதில் நாய் குரைக்கிற சத்தத்தையும் ஹெலிகாப்டர் சத்தத்தையும் அமுக்கிவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிப் போனான். அப்படித்தான் அது எனக்கு வந்தது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியிலிருந்து அம்மாவின் ஊக்கு வரை துருப்பிடிக்கிற ஊர் அது. அதனால் கீபோர்டை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். வேட்டியை அவிழ்த்தால் புது பிளாஸ்டிக் வாசனையும் நாப்தலின் உருண்டை வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் விரல் தானாக எதையோ தேடும்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்தப் பெட்டி கூடத்துக்கு வந்துவிடும். அதில் ‘டெமோ’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் கம்பெனிக்காரன் உள்ளேயே வைத்து அனுப்பிய ஒரு துள்ளல் இசை வரும். அண்ணன் அதை அமுக்கிவிட்டுக் கட்டைகள்மேல் விரலைச் சும்மா ஓட்டிக்கொண்டிருப்பான். விருந்தாளிகள் “அடேயப்பா” என்பார்கள். பிறகு அண்ணன் கையைத் தூக்கிக் காட்டுவான், இசை அதுபாட்டுக்கு ஓடும், எல்லோரும் சிரிப்பார்கள். இந்த வித்தையைக் குடியிருப்பில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பின்னால் என் தலையில் விடியப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பெட்டியின் வலது ஓரத்தில் வரிசையாக ஐந்து சின்னப் பட்டன்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு. அவை எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து நானே கண்டுபிடித்தேன். முதல் பட்டனை அமுக்கி ஒரு தாளத்தை வாசித்துப் பதிய வைக்கலாம். பிறகு இரண்டாவதை அமுக்கினால், பெட்டி அந்தத் தாளத்தை வாசிக்கும்; அதைக் கேட்டுக்கொண்டே நான் அதன்மேல் வேறொன்றை வாசிக்கலாம். அப்புறம் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. இப்படித் தனித்தனியாகப் பதிகிற ஒவ்வொன்றும் ஒரு தடம். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ஒருத்தியே ஐந்து பேராகிவிடலாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தடத்துக்கான தாளம் மாமல்லபுரத்தில் கிடைத்தது. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தண்டனை உண்டு. ஊரிலிருந்து எந்தச் சொந்தம் வந்தாலும் மாமல்லபுரம் காட்டக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் எத்தனை அத்தை, எத்தனை பெரியப்பாவுக்கு அந்த ரதங்களைக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் படம் பிடிக்கும்போது நான் வெளியே சிற்பக் கொட்டகை ஓரத்தில் நின்றுவிடுவேன். ஒருத்தர் பெரிய உளியால் மெதுவாக அடிப்பார். இன்னொருத்தர் சின்ன உளியால் வேகமாக. மூன்றாமவர் ஊதிவிட்டு ஊதிவிட்டு அடிப்பார். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் சில நேரம் எல்லா அடியும் ஒரே இடத்தில் வந்து விழும். அந்த இடத்துக்காக நான் வெயிலில் காத்திருப்பேன்.

அதை அப்படியே மரக்கட்டைச் சத்தத்தில் முதல் தடத்தில் போட்டேன். இரண்டாவதில் கனத்த ஒலி. மூன்றாவதிலும் நான்காவதிலும் வயலின் கூட்டம் மாதிரி ஒன்று. ஐந்தாவதில் புல்லாங்குழல். அதுதான் பாட்டு. முழுக்க என்னுடையது. எந்த சினிமாவிலும் இல்லாதது.

சொல்வதற்கு இது சுலபம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் பாடு தெரியும். ஒரு தடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு விரல் பிசகினால் அந்தத் தடம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்த ஓர் இடத்தை மட்டும் அழிக்கிற வசதி கிடையாது. கடைசி வரிக்கு வந்திருப்பேன், “ஏட்டி, கொத்தமல்லி வாங்கிட்டு வா” என்று அம்மா குரல் வரும். விரல் தடுமாறும். மறுபடி முதலிலிருந்து. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், காலிங்பெல் அடிக்கும். சந்தாப் பணம் கேட்டு யாராவது. மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் நான் பின்னறையிலிருந்து கத்திய கத்தலில் சந்தா கேட்க வந்தவர் படியிறங்கியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த பெல் கெட்டுப் போனது. வீட்டில் எது கெட்டாலும் சாப்பிடுவதற்கு முன் சரி செய்துவிடும் அப்பா, அதை மட்டும் அந்தப் பருவம் முழுக்க அப்படியே விட்டிருந்தார்.

புல்லாங்குழல் தடத்தில் ஒரு தப்பு இருந்தது. மூன்றாவது வரியின் முடிவில் வெள்ளைக் கட்டையில் விழ வேண்டிய விரல் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் விழுந்திருந்தது. மற்றதெல்லாம் சரியாக அமைந்துவிட்டதால் அந்தத் தடத்தை அழிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் போட்டுக் கேட்பேன். அந்த இடம் வந்ததும் பல் கூசும். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

மாற்றும் வேலையை அம்மா எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. டார்ச்சுக்கு பேட்டரி இல்லை. அம்மா கீபோர்டைத் திருப்பி, அடியில் இருந்த பெரிய பேட்டரிகளை எடுத்து டார்ச்சில் போட்டுக்கொண்டாள். பாட்டெல்லாம் அந்த பேட்டரியின் தயவில்தான் பெட்டிக்குள் இருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் டியூஷனிலிருந்து வந்து பார்த்தபோது ஐந்து தடமும் காலி. டார்ச் மட்டும் அமோகமாக எரிந்துகொண்டிருந்தது.

“பேட்டரிதான எடுத்தேன்? கட்டையையா பிடுங்கினேன்? இதுக்குப் போயி இப்படி அழுதா எப்படி?” என்றாள் அம்மா. அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் அப்பா என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடை. எங்கள் கிளப் விழாக்களுக்கு மைக்செட் கட்டுகிற அண்ணன்தான் அந்தக் கடையின் முதலாளி. அவர் ஒரு அடாப்டரை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா சார், பாப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீது?”

“அவ போட்ட பாட்டு அழிஞ்சு போச்சு” என்றார் அப்பா.

“பாட்டா? அதெல்லாம் அழியாது சார். டெமோ உள்ளயே கீது. பட்டன அமுக்குனா வந்துகினே இருக்கும்.”

அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். அடாப்டரையும் புது பேட்டரிகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திருகாணி வைத்து முடுக்கிவிட்டார். இனிமேல் யாரும் அதைச் சும்மா திறக்க முடியாது. அதை நான் அப்போது அவருடைய வழக்கமான முன்ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன். கோபத்தில் போட்டதாலோ என்னவோ இந்த முறை சுத்தமாக வந்தது. கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டையாகிவிட்டது. தாளம் எங்கேயும் நொண்டவில்லை. திருத்தித் திருத்தி, ஒரு பிசிறு இல்லாமல் செய்துவிட்டேன். பொங்கல் விழாவில் தனி வாத்தியப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். பரிசு எனக்கு முக்கியமில்லை. முக்கியமில்லை என்று சொல்வதும் பொய்தான். ஆனால் அதைவிட, ஏழாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது ‘இதை இவளே செய்தாள்’ என்று யாராவது மைக்கில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

நடுவர் பெரிய அதிகாரி. அப்பாவின் பிரிவுக்கே தலைவர். எலக்ட்ரானிக்ஸ் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். மைக்செட் அண்ணன் வந்து கீபோர்டிலிருந்து ஒயரைத் தன் பெட்டியில் செருகினார். “பாப்பா, எப்ப ரெடியோ சொல்லு” என்றார். நான் மைக்கில், “நானே அமைத்த பாட்டு” என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.

உளிச் சத்தம் கிளப் முழுக்கக் கேட்டது. கனத்த ஒலி சேர்ந்தது. வயலின்கள் வந்தன. ஸ்பீக்கரில் அது அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய? ஐந்தையும் ஏற்கெனவே வாசித்தாகிவிட்டதே.

அங்கேதான் வந்தது வினை. முதல் வரிசையில் பெரிய அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மெஷின் வாசிக்குதே, நீ எங்கம்மா வாசிச்ச?”

“நான்தான் சார் வாசிச்சுப் பதிஞ்சேன்.”

“இத்தனை வாத்தியத்தையும் நீயா?” சபையின் பக்கம் திரும்பினார். “இந்தக் கருவிகள்ல ஒரு சிப்புக்குள்ள பாட்டு வச்சே அனுப்புவாங்க. ஒரு தப்புகூட விழாது பாருங்க. அதுதான் அடையாளம்.” என்னிடம் திரும்பினார். “சரி, ஒரு சோதனை. இதையே இப்ப எங்க முன்னாடி வாசிச்சுக் காட்டு.”

நம் வயதில் இப்போது யோசித்தால் ஆயிரம் பதில் வருகிறது. ஐந்து பேர் வேலையை இரண்டு கையால் எப்படி சார் காட்டுவது என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வந்ததெல்லாம் பதற்றம். முதல் தடத்தை வாசித்தேன். வெறும் மரக்கட்டைச் சத்தம். டொக் டொக்கென்று அது தனியாகக் கேட்டபோது சபை கொல்லென்று சிரித்தது. “சார், இது ஒரு தடம்தான், ஒவ்வொண்ணா நிறுத்திக் காட்டறேன்” என்று பட்டன்களை நோக்கிக் கையை நீட்டினேன். அதற்குள் கோலாட்டம் ஆடுகிற பிள்ளைகள் கோலுடன் மேடையேறிவிட்டார்கள்.

பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே ஏழாவது வரிசையைத் தேடினார். “என்னப்பா, நீயே சொல்லு. உன் வீட்டுப் பெட்டிதானே? இது டெமோதானே?”

அப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. “ஆமா சார்” என்றார்.

அவ்வளவுதான். கீர்த்தனையைப் பாதியில் மறந்துபோன ஒரு வீணைப் பெண்ணுக்குப் பரிசு போனது. தப்பு விட்டாளே, அப்படியானால் மனுஷிதான் என்று முடிவு செய்திருப்பார்கள். இடைவேளையில் எல்லோரும் கேசரியும் வடையும் தின்றுகொண்டிருந்தபோது மைக்செட் அண்ணன் என்னைத் தேடி வந்தார். “பாப்பா, அந்த டெமோவ இன்னொரு தபா போடு. சும்மா சொல்லக்கூடாது, ஷோக்கா கீது. இது ஓடுனா ஜனங்க சவுண்டு வுடாம துன்னும்.” நான் நகர்ந்துகொண்டேன். எது பட்டன் என்று அவருக்கே தெரிந்துவிட்டது, அவரே அமுக்கினார். என் பாட்டு இடைவேளை முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடியது. ஜனங்கள் கேசரித் தட்டில் விரலால் தாளம் போட்டார்கள். ஒருத்தருக்கும் அது யாருடையது என்று தெரியாது. நான் பின்பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமாக நின்று, அது எப்போது ஓயும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் பதியவில்லை. கீபோர்டு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து பெரிய வீட்டுக்கு மாறியபோது அது யாருக்கோ போனது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பாட்டும் அதோடு போயிற்று.

அப்பாமேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் நாளாக ஆக ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அவர் மீட்டர் பார்க்கிற மனுஷர், பாட்டு கேட்டு நான் பார்த்ததே இல்லை. நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது, தெரியாததால் ஆமா என்றார். தெரியாதவரை மன்னிப்பது பெரிய விஷயமில்லை. இப்போது நாமே பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டு வந்து காட்டினால், இதை நீ செய்தாயா, கம்ப்யூட்டர் செய்ததா என்று வாய் கூசாமல் கேட்கிறோமே. அந்தக் கணக்கில் அப்பாவையும் விட்டுவிட்டேன்.

போன மாதம் வரை அப்படித்தான் இருந்தேன். நாவலூர் ஆபீசில் வாரமெல்லாம் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமையானால் ஊரப்பாக்கத்துக்குப் போவேன். அங்கேதான் அப்பாவும் அம்மாவும் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ ஒரு ராகம். அப்பா முணுமுணுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வரி போனதும் எனக்குப் புரிந்தது. என் புல்லாங்குழல் தடம். இடைவேளையில் அத்தனை தடவை ஓடியதே, அதில் மனதில் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வரி வந்தது. அதன் முடிவில் அவர் குரல் வெள்ளைக் கட்டைக்குப் போகவில்லை. பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போனது.

அந்தத் தப்பு கிளப்பில் ஓடவே இல்லை. அது டார்ச்சோடு போன முதல் பாட்டில் மட்டும்தான் இருந்தது. அதைப் பின்னறையைத் தாண்டி நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

“அப்பா, அது யாரு பாட்டு?”

“உன் பாட்டுதான. பின்ன யாரு பாட்டு?” திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “மொதல்ல இப்படித்தான் வச்சிருந்த. பொறவு மாத்திட்ட. எனக்கு மொதல்ல இருந்ததுதான் பிடிச்சுது.”

“நீங்க எப்பப்பா கேட்டீங்க?”

“தெனமுந்தான். பின்னறைக்கு வெளிய நின்னு கேப்பேன். பெல்லு அடிச்சா நீ நிப்பாட்டிட்டுக் கத்துவ. அதான் பெல்லு ஒயரக்கூடக் கழட்டிப் போட்டிருந்தேன்.”

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இத்தனை வருஷம் நான் மன்னித்து வைத்திருந்தது தெரியாத ஓர் அப்பாவை. இவர் எல்லாம் தெரிந்தவர்.

“அப்போ அன்னிக்கு ஏம்ப்பா ‘ஆமா சார்’னு சொன்னீங்க?”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. நிஜமாகவே யோசித்தார்.

“எந்த ஆமா சார்? சர்வீஸ் பூரா அதத்தானட்டி சொன்னேன். நீ எதக் கேக்க?”

சொன்னேன். விழாவை, சோதனையை, சபை சிரித்ததை, அவர் என்னைப் பார்க்காமல் நின்றதை. ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மிக்சி ஜாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், “அப்படியா சொன்னேன்?” என்றார். ஜாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவரு போன வருசம் தவறிட்டாரே. இல்லன்னா இப்பவே போனப் போட்டுச் சொல்லிருவேன்” என்றார்.

“என்னன்னு சொல்வீங்க?”

ஜாரை மேடைமேல் வைத்தார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். மேலதிகாரி அறைக்குள் நுழைந்தவரைப்போல வேட்டியைச் சரி செய்துகொண்டு, எதிரே இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்து, “அது டெமோ இல்ல சார்” என்றார்.

அடிக்குரலில்தான் சொன்னார். அன்றைக்குக் கிளப்பில் இதே குரலில் சொல்லியிருந்தால் முதல் வரிசைக்குக் கேட்டிருக்காது. மேடையில் நின்ற எனக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவர் வாய் அசைவதைப் பார்த்திருப்பேன். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.